ஒரு காசு வரவு

“ஒரு காசா? ஒத்தைக் காசா?”

“ஆமாக்கா.”

“ஒத்தைக் காசுக்கு இன்னைக்கு ஒரு பொத்தான்கூட வராதேடி. இதை மெனக்கெட்டு அனுப்ப ஒரு ஆளு, இதைப் பார்த்து மூஞ்சி வெளுக்க ஒரு ஆளு! சரி, கூடவே என்னமோ எழுதியிருக்குன்னியே, என்ன அது?”

“சாப்பிட்டியான்னு.”

இஸ்திரி இயந்திரத்தின் மூடியைத் தூக்கிய ஸ்டீம் அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். குபுகுபுவென எழுந்த நீராவி அவள் முகத்தை மறைத்தது. அது விலகியபோது சிரிப்பு போயிருந்தது. எதிரே நின்றவள், ஏற்கெனவே மடித்த விரிப்பையே நான்காவது தடவையாகப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள்.

“புருஷனா?”

“ம்.”

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த அந்தச் சலவைக்கூடத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. நீராவி இஸ்திரி போடுகிறவள் ஸ்டீம் அக்கா. துவைக்கும் இயந்திரங்களுக்குள் எந்நேரமும் தலையை விட்டுக்கொண்டிருக்கும் மனிதர் மூழ்கி அண்ணன். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு கைப்பையோடு வந்து, விரிப்பு மடிக்கும் மேசையில் சேர்ந்தவள் மடிப்பு. அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு அவளை யாரும் தேட முடியாது.

பழைய வீட்டில் அவன் அவளிடம் பணம் கொடுத்ததே இல்லை. தன் கணக்கின் வங்கி அட்டை ஒன்றைக் கொடுத்திருந்தான். வேண்டியதை வாங்கிக்கோ, நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்றான். கேட்கவும் இல்லை. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொல்லுவான், அவ்வளவுதான். “பதினொன்னே காலுக்கு மருந்துக்கடை. பன்னெண்டுக்கு பஸ். மருந்துக்கடையிலேருந்து வீட்டுக்கு நடக்கிற தூரம்தானே?” அதற்குப் பதில் சரியாக வரவில்லை என்றால் என்ன நடக்கும் என்பதை அவளுடைய இடது மோதிர விரல் அறியும். அது இன்றுவரை முழுதாக வளையாது.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் மளிகைச் சாமான்களுக்குத் தன் அட்டையைத் தேய்த்து, அவளிடம் அதற்கான நோட்டை வாங்கி, அரிசி டப்பாவின் அடியில் ஒன்றரை வருடம் சேர்த்தாள். இரண்டு பேருந்து மாறும் அளவுக்குச் சேர்ந்ததும் கிளம்பிவிட்டாள். அந்தப் பயணம் எந்தத் திரையிலும் பதிவாகவில்லை. அவள் வாழ்க்கையில் அவன் படிக்க முடியாமல் போன ஒரே நாள் அது.

புதுத் தொலைபேசி எண், புது அறை, புது வேலை. ஆனால் சம்பளம் வர வங்கிக் கணக்கு வேண்டும் என்றார்கள். கணக்கு என்றால் அடையாள எண். இப்போதெல்லாம் கணக்கு எண் தெரிய வேண்டியதே இல்லை, அடையாள எண்ணைத் தட்டினாலே பணம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அவளுடைய எண் அவனுக்கு மனப்பாடம். ஏழு மாதம் கழித்துத்தான் அதைத் தட்டிப் பார்க்கத் தோன்றியிருக்கும் போல. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் முதல் காசு வந்து சேர்ந்துவிட்டது.

ஒரு காசு நாணயத்தை அடிப்பதையே அரசாங்கம் நிறுத்திப் பல வருடங்கள் ஆயிற்று. எந்தக் கடைக்காரரும் வாங்குவதில்லை. எந்தக் குழந்தையும் அதைக் கையில் வைத்துப் பார்த்திருக்காது. தொலைபேசிகளுக்குள் மட்டும் அது இன்னும் உயிரோடு இருந்தது. எந்தப் பையிலும் இல்லாத காசு, கதவுகளுக்கு அடியில் புகுந்து, படியேறி, தன் தலையணைவரை உருண்டு வருவதாக அவளுக்குத் தோன்றும். காலையில் எழுந்து பார்த்தால் வந்திருக்கும்.

‘ஒரு காசு வரவு. குறிப்பு: மழை வருது. ஜன்னலைச் சாத்து.’

அன்று நிஜமாகவே மழை பெய்தது.

காவல் நிலையத்தில் ஓர் அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகப் படித்தார். “சாப்பிட்டியான்னு கேட்டிருக்கார், ஜன்னலைச் சாத்துன்னு சொல்லியிருக்கார். இதுல நான் எந்த வார்த்தையைப் பிடிச்சு எழுதுறது, சொல்லும்மா?” என்றார். வங்கியில் இருந்த பெண் இன்னும் அன்பாகப் பேசினாள். “பணம் போறதைத் தடுக்க எங்ககிட்ட வழி இருக்குங்க. வர்றதைத் தடுக்க இல்ல. பணம் வருதுன்னு அழுதுகிட்டு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லையே.”

பார்க்காமல் இருந்துவிடலாம்தான். ஆனால் பார்க்காவிட்டால் அவன் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறான் என்று எப்படித் தெரியும்?

“நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள் ஸ்டீம் அக்கா. விரிப்பின் இரண்டு முனைகளை அவள் பிடிக்க, மற்ற இரண்டை மடிப்பு பிடித்திருந்தாள். “அந்தக் காசை நீ வச்சிருக்கிறதே தப்பு. வச்சிருந்தா வாங்கிக்கிட்டான்னு அர்த்தம். மொத்தம் எத்தனை?”

“இருபத்தி மூணு.”

“இருபத்தி மூணையும் அவன் மூஞ்சியில விட்டெறி. உன் பிச்சைக் காசு எனக்கு வேணாம்டான்னு. நானா இருந்தா எப்பவோ எறிஞ்சிருப்பேன். என் வீட்டுக்காரரு ஒரு நாள் என்கிட்ட குரலை ஒசத்தினாரு. இஸ்திரிப் பெட்டியைக் கையில எடுத்தேன் பாரு, அன்னைக்கு எறங்கின குரல், செத்துப் போற வரைக்கும் ஏறவே இல்ல.”

அந்தப் பேச்சில் ஒரு சூடு இருந்தது. மடிப்புக்கு அது தேவையாக இருந்தது. வேலை முடிந்ததும் இருவரும் சேர்ந்தே போனார்கள். தொலைபேசியிலிருந்து அனுப்பக் கை வரவில்லை என்பதால், மேம்பாலத்துக்குக் கீழே இருந்த பண இயந்திரத்தில் வரிசையில் நின்றார்கள். இருபத்தி மூன்று காசு. குறிப்பு எழுதும் இடத்தை மடிப்பு காலியாக விட்டாள். அக்கா அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, வழியெல்லாம் ஏதோ கல்யாணத்துக்குப் போய்வந்தவளைப் போலச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை.

‘ஒரு காசு வரவு. குறிப்பு: மேம்பாலத்துக்குக் கீழ மெஷின்ல எப்பவும் கூட்டமாமே. நின்னு கால் வலிச்சுதா?’

பணம் எந்த இயந்திரத்திலிருந்து கிளம்பியது என்பதும் வாங்குகிறவரின் கணக்கில் பதிவாகும் என்று அவர்கள் இருவருக்கும் தெரியாது. இயந்திரத்தில் பணம் அனுப்பும் பழக்கம் அவர்களுக்கு இருந்ததில்லை. ஸ்டீம் அக்கா அந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத் தொலைபேசியைச் சூடான பாத்திரத்தைப் போல மேசையில் வைத்தாள். அன்று முழுவதும் அவள் எந்த வீரக் கதையும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மடிப்பு தன் புது வங்கி அட்டையை எந்தக் கடையிலும் தேய்க்கவில்லை. மீதிச் சம்பளத்தை, ஊரின் மறுகோடிக்குப் போய் ஒரே தடவையில் நோட்டாக எடுத்துக்கொண்டாள். நோட்டோடு வாழ்வது அவ்வளவு சுலபமாக இல்லை. இந்த ஊர்ப் பேருந்தில் அட்டை மட்டும்தான் என்றார்கள். அவள் நாற்பது நிமிடம் நடந்தாள். ரொட்டிக்கடைப் பையன் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இதை எங்க புடிச்சீங்க, மியூசியத்துலயா?” என்றான். சில்லறை இல்லை என்று மிச்சத்துக்கு இரண்டு மெழுகுவத்தி கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள். கூட்டமான நடைபாதையில் யாராவது பின்னாலிருந்து வேகமாக வந்தால், சுவரோடு ஒட்டி நின்று அவர்களைப் போகவிட்டாள்.

காசு மட்டும் நிற்கவில்லை.

‘குறிப்பு: அந்தப் பக்கம் ரெண்டு ஆஸ்பத்திரி, ஒரு தீப்பெட்டி ஆபீஸ். நீ தீக்குச்சி அடுக்குற ஆள் இல்லையே.’

இதைப் படித்த காலையில்தான், கணக்கையே மூடிவிடுவது என்று அவள் முடிவு செய்தாள். கணக்கே இல்லையென்றால் காசு எங்கே வந்து விழும்? வங்கிப் பெண்ணிடம் கேட்டு உறுதி செய்துகொண்டாள். அனுப்புகிறவருக்கு ‘இந்த எண்ணில் யாரும் இல்லை’ என்று பதில் போகுமாம். அந்த வாக்கியத்தை மடிப்பு வழியெல்லாம் சொல்லிக்கொண்டே நடந்தாள். இந்த எண்ணில் யாரும் இல்லை. செத்துப்போனவர்களுக்குத்தான் அந்தப் பதில் கிடைக்கும்போல. அவளுக்கு அது, வெயிலில் காய்ந்த விரிப்பை மேலே இழுத்துப் போர்த்திக்கொள்வது போல இருந்தது.

சம்பளப் பிரிவில் இருந்த கணக்கர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“கையில சம்பளமா? இந்த ஆபீஸ்ல நோட்டைப் பார்த்தே ஆறு வருஷம் ஆச்சும்மா. அந்த இரும்புப் பெட்டியில என்ன இருக்கு தெரியுமா? என் மதியச் சாப்பாடு.”

அவள் சிரிக்கவில்லை. தொலைபேசியை நீட்டினாள். அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். பாதியில் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து மீதியைப் படித்தார். பிறகு இழுப்பறைகளைத் திறந்து மூடி, கடைசியில் ஓரம் பழுப்பேறிய ஒரு படிவத்தை எடுத்தார்.

“கணக்கு இல்லாதவங்களுக்குன்னு ஒண்ணு இருந்துச்சு. உங்க சம்பளத்தை இங்க வேலை பார்க்கிற இன்னொருத்தர் கணக்குல போடுறோம். அவங்க எடுத்து உங்க கையில கொடுக்கணும். அவங்க பேரு, அடையாள எண், வீட்டு விலாசம், கையெழுத்து. இன்னைக்கு நாலு மணிக்குள்ள வேணும். பட்டியல் போயிட்டா உங்க பேருல பழைய கணக்குக்கே போயிடும், அப்புறம் இந்த மாசம் அதை மூட முடியாது.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “நான் கையெழுத்துப் போடலாம்னா, நானே கொடுக்கிறவன், நானே வாங்கிக்க முடியாதும்மா” என்றார்.

அவள் கீழே இறங்கியபோது மூன்றே கால். மூழ்கி அண்ணனின் கணக்கின் மேல் கடன் கொடுத்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காசு வந்தாலும் பிடித்துக்கொள்வார்கள் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அங்கே வேறு யாரையும் அவளுக்குத் தெரியாது.

ஸ்டீம் அக்கா இயந்திரத்தை அணைத்துவிட்டுப் படிவத்தை வாங்கினாள். எழுத்தைத் தேடுவது போலக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனாள்.

“இதுல என் வீட்டு விலாசம் கேட்குதே.”

“ஆமாக்கா. ஆபீஸ் பெட்டிக்குள்ளதான் இருக்கும். வெளிய போகாதுன்னு சார் சொன்னாரு.”

“மெஷினும் சொல்லாதுன்னுதானடி நான் நெனச்சேன்.”

மடிப்பு பலகையில் கிடந்த விரிப்பை ஓரமாகத் தள்ளினாள்.

“என் மக என்கூடத்தான் இருக்கா. கைக்குழந்தையோட. தெரியும்ல?”

“தெரியும்க்கா.”

“நான் பேசுற பேச்செல்லாம்...” என்று ஆரம்பித்த அக்கா, மேலே சொல்லாமல் படிவத்தை இஸ்திரிப் பலகையின் மேல் வைத்து, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து அதன் சுருக்கத்தை எடுத்தாள். “அந்த இஸ்திரிப் பெட்டிக் கதை பொய்டி. நான்தான் அடி வாங்கினேன். அவரு போற வரைக்கும்.”

நீராவி அடங்கிய கூடத்தில் குழாய்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. மடிப்பின் பையில் தொலைபேசி ஒருமுறை அதிர்ந்தது. இருவருக்கும் கேட்டது. இருவருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

மடிப்பு மேசையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினாள். 

“அக்கா, அவனுக்கு நான் இல்லாமப் போகணும். அதுக்கு உங்க பேரு வேணும். ஒரே ஒரு கையெழுத்து. போடுறீங்களாக்கா?”