அவர் ஷிஃப்ட்டுக்குப் போயிருக்கார்

கட்டிலை வேனில் ஏற்றிவிட்டு, மெத்தையைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான் மகன். அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் சைக்கிள் மணி அடித்தது. வீட்டைக் காலி செய்கிற நாளில்தானா வரவேண்டும் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு பெண், நாற்பது வயது இருக்கும். முகமெல்லாம் புழுதி. சைக்கிளின் பின்னால் இரண்டு பக்கமும் பிதுங்கிய பைகள். கையில் ஒரு துண்டுச் சீட்டு. அதில் இருந்தது என் கணவரின் கையெழுத்து என்று பத்தடி தூரத்திலேயே தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டு முன்னால் போகிற சாலை ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளிக் கடலில் போய் முடிகிறது. அவருக்குக் குடிநீர் நிலையத்தில் பம்ப் ஓட்டுகிற வேலை, மூன்று ஷிஃப்ட். வேலை முடிந்து வரும் வழியில் கடல் பார்க்கக் கிளம்பிய, மூட்டை கட்டிய சைக்கிள் ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். நான் சோறு வடித்து முடித்திருப்பேன், வாசலில் மூன்று பேர் அசடு வழிய நிற்பார்கள். "இது வீடா, சத்திரமா?" என்று கத்தியிருக்கிறேன். கத்திக்கொண்டே மறுபடியும் உலை வைத்திருக்கிறேன். முன்னறை முழுக்க ஈரத்துணியும் சங்கிலி எண்ணெய் வாடையும் சிரிப்புமாகக் கிடக்கும். எத்தனை ஊர்க் கதைகள்! அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது. அன்றைக்கு அதை ஒருநாளும் அவரிடம் ஒத்துக்கொண்டதில்லை.

கிளம்பும்போது ஆளுக்கு நாலு முகவரிச் சீட்டு எழுதிக் கொடுப்பார், வழியில் பார்க்கிற மற்ற சைக்கிள்காரர்களுக்குக் கொடுக்கச் சொல்லி. பதிலுக்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கடல் எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லி அனுப்புங்க." அவர் கடைசிவரை கடலைப் பார்க்கவில்லை. லீவு கிடைக்கவில்லை என்பார். இருந்த லீவையெல்லாம் வந்தவர்களுக்குக் காய்ச்சல், சக்கரம் கோணல் என்று எடுத்துத் தீர்த்தவர் வேறென்ன சொல்வார்?

நாலு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். இருபது நாள்கூட ஆகியிருக்காது, இரண்டு பேர் மழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்று, "ஐயா இல்லீங்களா?" என்றார்கள். அந்தக் கோலத்தில் நின்றவர்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஷிஃப்ட்டுக்குப் போயிருக்கார், உள்ள வாங்க" என்றேன். விடிந்ததும் கிளம்பிவிட்டார்கள். அவ்வளவுதான், அதுவே வழக்கமாகிப்போனது. சீட்டுகள் எங்கெங்கோ கைமாறிக்கொண்டிருந்தன, ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், எல்லோருக்கும் அவர் ஷிஃப்ட்டில்தான் இருந்தார். நல்ல மனுஷன், பார்க்கத்தான் முடியவில்லை என்று போகிற இடமெல்லாம் பேசிக்கொள்வார்கள் அல்லவா? அந்தச் சாலை நெடுக அவர் உயிரோடு இருந்தார். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அது வேண்டியிருந்தது.

மகனுக்கு இது தெரியாது. அவனுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. இருப்பதை இருக்கிறபடி எழுதிக் கொடுத்துப் பழகியவன். என் முழங்கால் மோசமாகிவிட்டதால், தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறான்.

"ஐயா இருக்காருங்களாம்மா?" என்றாள் அந்தப் பெண்.

"ஷிஃப்ட்டுக்குப் போயிருக்கார்மா."

வாய் முந்திக்கொண்டது. வேனில் கயிறு இழுபடுகிற சத்தம் நின்றது.

"எப்ப வருவாரு?"

இதுவரை யாரும் இப்படித் துருவியதில்லை. "சாயங்காலம் ஆயிடும். உனக்கு நேரமாச்சுன்னா கிளம்பும்மா."

"பரவால்லம்மா, இருந்து பாத்துட்டே போறேன். ஆறு வருஷத்துக்கு முன்னாடி எங்கண்ணன் இங்க ஒரு வாரம் தங்கினான். கடலப் பத்திச் சொல்லி அனுப்பறேன்னு ஐயாகிட்ட சொல்லிட்டுப் போனவன், சொல்லவே இல்ல. இப்ப கால் விழுந்து படுத்துட்டான். அதையே நினைச்சுப் புலம்பறான். நீ போய்க் கடலப் பாத்துட்டு, அவர்கிட்ட நேர்ல சொல்லிட்டு வான்னு இந்தச் சீட்டக் குடுத்தனுப்பினான். கடல்லேர்ந்து பதினேழு நாளா மிதிச்சு வரேன்."

மகன் வேனிலிருந்து குதித்து இறங்கினான். சொல்லிவிடப் போகிறான். சொன்னால்தான் என்ன தப்பு? அப்பாவைத் தோளில் சுமந்து போனவன் அவன். ஆனால் அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது இவளோடு சைக்கிள் ஏறிப் போய்விடும். அதற்குப் பிறகு அவர் எங்கேயும் இருக்கமாட்டார்.

அவன் கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். நாலு வருஷப் பொய்யையும் என் முகத்தில் படித்துவிட்டான் என்று தெரிந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்பா வர லேட்டாகும்க்கா" என்றான். "இப்பல்லாம் டபுள் ஷிஃப்ட் பாக்கறார்." குரல் உடைந்தது. இருமி மறைத்துக்கொண்டான். "என்கிட்ட சொல்லுங்க. நான் சொல்லிடறேன்."

அவள் வேனைப் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியாகக் காலி அறையைப் பார்த்தாள். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குழாயடிக்குப் போய் முகம் கழுவினாள், காலுறையைக் கழற்றி அலசிப் பிழிந்தாள். பிறகு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"சரி தம்பி. ஆனா ஒண்ணு விடாம சொல்லணும்."

"ம்."

"மொதல்ல கடல் தெரியல. காத்துதான் மாறுச்சு. உதட்ட நக்குனா உப்பு. அப்புறம் ஒரு மேடு வந்துச்சு, எறங்கித் தள்ளிட்டுப் போனேன்..."

மகன் அவளுக்குப் பக்கத்தில் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். வந்தவளுக்கு ஒரு வாய் காப்பி போடலாம் என்று உள்ளே போனேன். சமையல் மேடை மொட்டையாக இருந்தது. அடுப்பு வேனுக்குள், எல்லாவற்றுக்கும் அடியில். திரும்பி வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றேன்.

"மேடு ஏறினதும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான் அவன்.

வேனின் பக்கக் கண்ணாடியில் அவள் தன் காலுறைகளைக் காயப்போட்டிருந்தாள். அவற்றின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது.