கோர்டன் பாறையில் ஒன்பது ஆரஞ்சுகள்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. துறைமுக அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டிய ஒரு பக்க விளக்கக் கடிதமாகப் பிறந்தது. ஒரு பக்கத்துக்குள் அடங்காமல் கைகாலை நீட்டியதால் கதை என்று பெயர் வைக்க வேண்டியதாகிவிட்டது.

புவெர்ட்டோ அயோரா என்ற எங்கள் தீவுத் துறைமுகத்தில், மீன் சந்தைக்கு எதிரே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவன் நான். ஊருக்கு வேண்டிய மனுக்கள், இரங்கல் உரைகள், கடலில் முழுகக் கூட்டிப்போகிறவர்களின் விளம்பரத் தாள்கள் எல்லாம் இந்த மேசையில்தான் உற்பத்தியாகின்றன. 'மறக்க முடியாத அனுபவம்' என்பதை இந்தத் தீவில் அவிழ்த்துவிட்ட பாவம் என்னுடையது. ஆக, ஒரு வகையில் நானும் இலக்கியவாதிதான். (இந்த வரியை எடுத்துவிடச் சொன்னாள் மர்லேனி. அவள் யார் என்று அடுத்த பகுதியில் வருகிறது. வரி இருக்கட்டும்.)

தொடக்கத்துக்கு மூன்று முயற்சிகள்:

அ) எரிமலையின் கருவறையிலிருந்து எழுந்த இத்தீவு, காலத்தின் மடியில்...
[எரிமலைக்குக் கருவறை கிடையாது. எழுதுகிறவனுக்குத்தான் கொழுப்பு.]

ஆ) ஆழ்கடலின் மௌனத்தில் மனிதன் தன்னையே சந்திக்கிறான்.
[சந்திப்பதில்லை. காதுவலியையும் குளிரையும் சந்திக்கிறான். மேலே வந்ததும் சூப் எங்கே என்கிறான்.]

இ) செவ்வாய்க்கிழமை காலை மர்லேனி ஒரு கடல்சிங்கத்தின் மூச்சுக்குப் பின்னால் பதினோரு நிமிடம் படகு ஓட்டினாள்.

மூன்றாவதை வைத்துக்கொள்வோம். அதில் ஒரே ஒரு குறை. அது உண்மையா என்று எனக்குத் தெரியாது.

2.

மர்லேனிக்கு நாற்பத்தாறு வயது. 'சோய்லா அத்தை' என்ற படகில் வேலை. காலை ஏழு மணிக்கு வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு போய், இரண்டு தடவை முழுகவைத்து, மதியம் சூப் கொடுத்து, மூன்று மணிக்குள் உலர்த்திக் கொண்டுவந்து விடும் படகு அது. முழுகும் இடத்தில் பெரிய படகு தள்ளியே நிற்கும். பங்கா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் படகை மர்லேனி ஓட்டுவாள். கீழே இருப்பவர்கள் விடுகிற மூச்சு குமிழியாக மேலே வரும். பங்கா அந்தக் குமிழிகளின் பின்னாலேயே போக வேண்டும். அவர்கள் எங்கே தலையைத் தூக்கினாலும் கையெட்டும் தூரத்தில் அது நிற்க வேண்டும். இந்தச் செவ்வாய்க்கிழமைவரை, பன்னிரண்டு வருடங்களில் மர்லேனி ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

கீழே வழிகாட்டியாகப் போகிறவன் ஹோல்கெர். ஐம்பத்து மூன்று வயது. மர்லேனியின் கணவன், ஆறு வருடங்களுக்கு முன்புவரை. [இங்கே விவாகரத்தின் காரணத்தை அலசி ஒரு பத்தி இருந்தது. இருவரும் தனித்தனியாகப் படித்துத் தனித்தனியாகச் சிரித்தார்கள். நீக்கிவிட்டேன்.] வீடு பிரிந்தது, சமையல் பிரிந்தது, நாய் அவள் பக்கம் போனது. படகு மட்டும் பிரியவில்லை.

"அவன்கூடக் குடும்பம் நடத்த முடியாது, எழுத்துக்காரரே. ஆனா தண்ணிக்கடியில அவன் தங்கமான ஆளு. பேச முடியாதுல்ல."

"அஞ்சு பேர் குமிழி கலந்து வருமே, எப்படிக் கண்டுபிடிக்கிறே?"

"அவனோடதை மட்டும் புடிச்சாப் போதும், மத்தவங்க அவன் பின்னாடிதானே வருவாங்க? சின்னதா மூணு, கொஞ்சம் நிறுத்தி, பெருசா ஒண்ணு. அதே தாளத்துல ராத்திரி பூரா குறட்டை விடுவான். மறக்குமா?"

இதை இரண்டு வரி இடம் விட்டுத் தனியாக எழுதியிருக்கலாம், நெஞ்சைத் தொடும் இடம் என்று அடிக்கோடு போட்டிருக்கலாம். குறட்டைக்கு அடிக்கோடு போட்டவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம்.

3.

செவ்வாய்க்கிழமை கோர்டன் பாறை. முழுகிப்போன எரிமலை வாய் அது. உடைந்த பானையின் விளிம்பு மாதிரி மூன்று துண்டு மட்டும் வெளியே தெரியும். பானைக்குள்ளே நீரோட்டம் சுற்றிச் சுற்றி அடிப்பதால் எங்கள் ஊரில் அதற்குத் 'துவைக்கிற இயந்திரம்' என்று பெயர். விளம்பரத் தாளில் நான் அதை 'இயற்கையின் நடனம்' என்று எழுதியிருக்கிறேன். மன்னிக்கவும்.

பயணிகள் நாலு பேர். மூன்று பேரை நான் கதையில் சேர்க்கவில்லை, அவர்கள் நல்லவர்கள். நாலாமவர் சான்டியாகோவிலிருந்து வந்த பல் மருத்துவர் டோன் எவாரிஸ்டோ. இரண்டு மணிக்கட்டிலும் ஆழமும் நேரமும் காட்டும் முழுக்குக் கணினி, நெற்றியில் விளக்கு. முழுகுவதற்கு முன்னால் எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, "சமுத்திரம் என்னோடு பேசும்," என்றாராம்.

"எங்ககிட்ட இதுவரைக்கும் பேசினதில்லை, டோன் எவாரிஸ்டோ," என்றாளாம் மர்லேனி. "பேசுச்சுன்னா, மத்தியானம் காத்து எப்படி இருக்கும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

பானைக்குள்ளேயே இருப்பது, பாறையை இடது கைப்பக்கம் வைத்துக்கொள்வது என்பது திட்டம். முழுகினார்கள். பன்னிரண்டாவது நிமிடத்தில் விளிம்புக்கு வெளியே, நீலத்தில், சுத்தியல் தலைச் சுறாக்கள் கூட்டமாகப் போயின. ஹோல்கெர் விளிம்பைத் தாண்டினான், அல்லது நீரோட்டம் தாண்டவைத்தது. (இந்த 'அல்லது'தான் கதை. கவனித்துக்கொள்ளுங்கள்.) வெளியே நீரோட்டம் ஐந்து பேரையும் தெற்கே அள்ளிக்கொண்டு போனது.

மேலே மர்லேனி பானைக்குள் குமிழிகளின் பின்னால் நிதானமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். சின்னதாக மூன்று, கொஞ்சம் நிறுத்தி, பெரியதாக ஒன்று. அவர்கள் விளிம்பைத் தாண்டிப் பதினோரு நிமிடம் கழித்து, அந்தக் குமிழிகளுக்கு நடுவிலிருந்து ஒரு தலை எழுந்தது. அதற்கு மீசை இருந்தது. ஹோல்கெரின் மீசை இல்லை.

வானொலியில் உதவி கேட்டாள். பக்கத்தில் இருந்த வேறு படகு வர ஒரு மணி நேரம் ஆகும். கடல் சாம்பல் நிறம், அலை ஆள் உயரம், ஐந்து தலைகள் எந்தப் பக்கம் போயிருக்கும்? முழுகி எழுந்தவர்களுக்கு வாய் கரிக்குமே என்று பங்காவில் ஒரு வலைப்பையில் ஆரஞ்சு வைத்திருப்பார்கள். விளிம்பின் வெளிப்பக்கம் போய், எஞ்சினை அணைத்துவிட்டு, ஒன்பது ஆரஞ்சுகளையும் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விட்டாள். அவை போன பக்கம் போனாள்.

நாற்பது நிமிடம் கழித்து, ஆரஞ்சுகளுக்கு நடுவில், ஐந்து பேரும் கைகோத்து மிதந்துகொண்டிருந்தார்கள். டோன் எவாரிஸ்டோ ஒரு ஆரஞ்சைப் பல்லால் உரித்துக்கொண்டிருந்தார். அவர் பல் மருத்துவர் என்பதை மறுபடி நினைவூட்டுகிறேன்.

"என்ன சொல்லுச்சு சமுத்திரம்?" என்று கேட்டாள் மர்லேனி.

அவர் பங்காவில் ஏறியதும் அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதார். இதைக் கேட்டபிறகு எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கேலியாக வைத்திருந்த நாலு வரிகளை வெட்டிவிட்டேன். இரண்டு மட்டும் மனசு வராமல் வைத்திருக்கிறேன்.

திரும்பும் வழியில் மிச்சம் எட்டு ஆரஞ்சுகளையும் ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டுதான் வந்தாள். வெளியூர் விதை ஒன்று வந்துவிடுமோ என்று பயணிகளின் பெட்டி முழுக்கக் கிளறும் தீவு இது. தண்ணீரில் பழத்தோலைப் போட்டாலே குற்றம். முழுப் பழம் ஒன்பது!

4.

வானொலியில் உதவி கேட்டால் நாலு நாளுக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். படிவத்தின் அடியில் 'காரணம்' என்று ஒரே ஒரு வரி, அதன் கீழே தவறு செய்தவர் கையெழுத்து. அந்த இடத்தில் ஹோல்கெர் பெயர் போனால் வழிகாட்டி உரிமம் ஒரு பருவத்துக்கு நிறுத்தம். அவனுக்கு இடது காது பாதி செத்துவிட்டது. ஒரு தடவை வெளியே வந்தால் அடுத்த உடல் தகுதிச் சோதனையில் திரும்ப உள்ளே போக முடியாது. மர்லேனி பெயர் போனால் நவம்பரில் அவள் எழுதப்போகும் கப்பல் தலைவர் தேர்வு போயிற்று, ஐந்து வருடத்துக்கு மறுபடி எழுத முடியாது. ஒன்பது வருடமாகக் காத்திருக்கிறாள்.

சாதாரண மனிதர்கள் இந்த இடத்தில் ஒருவர்மேல் ஒருவர் கைகாட்டுவார்கள். புதன்கிழமை காலை இரண்டு பேரும் என் மேசைக்கு வந்தார்கள்.

"எழுதுங்க. கடல்சிங்கத்தோட மூச்சைப் பாத்து ஏமாந்துட்டேன். தப்பு என்னோடது. முற்றுப்புள்ளி," என்றாள் மர்லேனி.

"அண்ணே, அதை எழுதாதீங்க. கடல்சிங்கமாம்! பன்னெண்டு வருஷமா குமிழி பாக்கறவளுக்கு மிருகத்துக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியலையாம்!"

"வித்தியாசம் ரொம்ப இல்லையே."

"பாத்தீங்களா? அண்ணே, நான்தான் விளிம்பைத் தாண்டினேன். வேணும்னே தாண்டினேன். நாலு நாளா ஒருத்தருக்கும் சுறா காட்ட முடியல, படகுல ஏறும்போது அவங்க மூஞ்சியைப் பாக்க முடியல. ரெண்டே நிமிஷம்னு நெனச்சேன்."

"யோவ், நீ தாண்டவே இல்ல. தண்ணி இழுத்துச்சு."

"நீ மேல இருந்தே! உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ பயந்தாங்கொள்ளி. அதனால தெரியும்."

"கடல்சிங்கம்னு ஒண்ணு இல்லவே இல்ல, அண்ணே. என்னைக் காப்பாத்தக் கதை கட்டறா."

"கதை கட்டறது இவர் வேலை," என்று என்னைக் காட்டினாள். "அந்தக் குட்டி ஜூன் மாசத்துலேருந்து உன் மூஞ்சிக்கு முன்னாடி நின்னு ஊதுது. கத்துக்கிச்சு. உன்கிட்டக் கத்துக்க வேற என்ன இருக்கு?"

பிரிகிறபோது ஒரு பிரஷர் குக்கருக்காக மூன்று மாதம் சண்டை போட்டவர்கள் இவர்கள். இப்போது பழிக்குப் போட்டி. கடைசியில் ஆளுக்கொரு தாளில், தவறு என்னுடையது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரே திசையில் முன்னும் பின்னுமாகப் போனார்கள்.

5.

வாசகரே, இப்போது உங்களுக்கு வந்திருக்கும் சந்தேகம் எனக்கும் வந்தது. ஒரு கடல்சிங்கம் ஒரு மனிதனின் மூச்சைத் தாளம் பிசகாமல் கற்றுக்கொள்ளுமா? மர்லேனி அப்பட்டமாகப் பொய் சொல்கிறாள் என்றே முடிவு செய்திருந்தேன். அந்த நம்பிக்கையில் கதைக்குச் சில முடிவுகளும் தயார் செய்தேன்.

முடிவு ஒன்று: இருவரும் மறுபடி சேர்கிறார்கள். படித்துவிட்டு மர்லேனி சொன்னது: "இதை வெளியிட்டா உங்களையும் பாறைக்குக் கூட்டிட்டுப் போவேன். ஆரஞ்சு கொண்டுவர மாட்டேன்."

முடிவு இரண்டு: அலுவலகத்தில் ஒருவர் கண்கலங்கிப் படிவத்தைக் கிழித்துப் போடுகிறார். [கிழித்தால், கிழித்ததற்கு ஒரு படிவம் உண்டு.]

முடிவு மூன்று: அந்தியில் தனியாக நிற்கும் ஹோல்கெர் கடலைப் பார்த்து... [ஹோல்கெர் அந்தியில் கால்பந்து பார்ப்பான்.]

6.

வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை நானே அவர்களோடு பாறைக்குப் போனேன். விளம்பரத் தாளில் நூறு தடவை நான் முழுகியிருக்கிறேன். பங்காவில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அரை மணி நேரத்தில் காலையில் தின்ற வாழைக்காய் உருண்டை இயற்கையின் நடனம் ஆடியது.

ஹோல்கெரும் மூன்று பயணிகளும் முதுகுப் பக்கமாகச் சாய்ந்து விழுந்து மறைந்தார்கள். மர்லேனி எஞ்சின் பிடியில் கைவைத்துத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் எனக்கே தெரிந்தது. சின்னதாக மூன்று, கொஞ்சம் நிறுத்தி, பெரியதாக ஒன்று.

"அதோ! ஹோல்கெர்!" என்றேன்.

அவள் அசையவில்லை. "பொறுங்க."

சின்னதாக மூன்று. நிறுத்தம். பெரியதாக ஒன்று. பிறகு மீசை. அது எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது, தும்மியது, உள்ளே போனது.

பங்காவிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

"அப்போ அவன் எங்கே?" என்று கேட்டேன்.

முகவாயால் காட்டினாள். நாற்பது மீட்டர் தள்ளி, பாறையை ஒட்டி: பெரியதாக இரண்டு, சின்னதாக இரண்டு. பெரியதாக இரண்டு, சின்னதாக இரண்டு.

"மாத்திட்டான்," என்றாள்.

"உன்கிட்ட சொன்னானா?"

"இல்ல. அப்படி மூச்சு விடறது லேசு இல்ல, எழுத்துக்காரரே. எண்ணிக்கிட்டே இருந்தாத்தான் வரும். யாருக்காகவாச்சும் வேணும்னே விட்டாத்தான் வரும்."

எஞ்சினைத் திருப்பி அந்தக் குமிழிகளின் பின்னால் போனாள். ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காற்றில் உப்பு இருந்தது. அதற்குமேல் எழுத எனக்கு அனுமதி இல்லை.

நாற்பத்தைந்து நிமிடம் கழித்து ஹோல்கெர் பங்காவின் பக்கத்திலேயே தலையைத் தூக்கினான். மூச்சு வாங்கியது.

"மூச்சை மாத்தினியாய்யா?" என்று கேட்டாள்.

"நான் எதுக்கு மாத்தணும்? கடல்சிங்கம்னு ஒண்ணு இல்லவே இல்லையே," என்றான்.

அவள் ஒரு ஆரஞ்சை எடுத்து அவன் தலையில் படுகிற மாதிரி எறிந்தாள். படவில்லை, தண்ணீரில் விழுந்தது. மூன்று பேருமாகப் பாய்ந்து எடுத்தோம்.

7.

இன்று வெள்ளிக்கிழமை. அலுவலகம் நாலு மணிக்கு மூடும். மேசையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்றில் அவள் கையெழுத்து, ஒன்றில் அவன் கையெழுத்து. அவள் குமிழியைத் தவறவிட்டாள், அவன் விளிம்பைத் தாண்டினான், இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து எழுத அந்த வரியில் இடமில்லை. நானோ நாலு நாளில் எழுத வேண்டிய ஒரு வரிக்குப் பதிலாக ஏழு பகுதி எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகவே வாசகரே, படகுத்துறைப் பக்கம்தானே போகிறீர்கள், நீங்களே கொடுத்துவிடுங்கள். அவள் தாளைக் கொடுத்தால் அவன் என்னோடு பேச மாட்டான், அவன் தாளைக் கொடுத்தால் அவள் பேச மாட்டாள். மூன்றாவதாக ஒரு வெற்றுத் தாளும் பேனாவும் வைத்திருக்கிறேன். என்னைவிட நன்றாகப் பொய் சொல்லத் தெரிந்தால் காரணம் என்ற இடத்தில் உங்களுக்குத் தோன்றியதை எழுதுங்கள். நீரோட்டம் என்று எழுதலாம். கடல்சிங்கம் என்று எழுதலாம். ஒரு மனிதன் விடும் மூச்சை இன்னொருத்தி இவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருப்பது என்றும் எழுதலாம், முத்திரை குத்துவார்களா என்று தெரியாது.

எதை எழுதினாலும் சரி. ஆரஞ்சைப் பற்றி மட்டும் மூச்சு விடாதீர்கள்.