தொட்டியில் எத்தனை லிட்டர்

வெலிங்டனில் மழை பிடித்துக்கொள்ளும்போதெல்லாம் வாசித்திக்கு ஃபிஜியின் சுவா நகரத்து மழை நினைவுக்கு வரும். கூடவே மெரேயோனியின் வசவும்.

சுவாவில் இருந்த கடைசி வருஷம் வாசித்தி மேல்படிப்பு நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகம் கேட்ட மதிப்பெண் வந்தால்தான் வெலிங்டனில் இடம். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரே ஒரு வகைக் கேள்விதான் அவளைக் கவிழ்த்தது. ஒரு கேள்வி, கீழே இரண்டு தகவல். விடை வேண்டாம், விடை காண அந்தத் தகவல் போதுமா, போதாதா என்று சொன்னால் சரி. வாசித்திக்குப் பாதியில் விட மனம் வராது. கடைசி எண்வரை போட்டு, அடியில் கோடு கிழித்து நிமிர்வதற்குள் நேரம் போய்விடும்.

மெரேயோனி அவளோடு சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவள். பரீட்சை எழுதும் ஆசை இல்லை. புதிர் என்றால் உயிர். இருவரின் தீவுகளும் ஒன்றுக்கொன்று தௌவு, அதாவது ஃபிஜி வழக்கத்தில் கேலி பேசும் உறவு முறை. எவ்வளவு ஏசினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஏசாவிட்டால்தான் குறை.

மாலையில் கடற்கரைச் சுவரில் உட்கார்வார்கள்.

"ஒரு படகுல பெரியவங்க எத்தனை பேர்? ஒண்ணு, பெரியவங்களைப்போல ரெண்டு மடங்கு பிள்ளைங்க. ரெண்டு, மொத்தம் நாப்பத்தஞ்சுக்கு மேல, அம்பதுக்குக் கீழ. போதுமா?"

வாசித்தி பேனாவை எடுத்தாள். மெரேயோனி பிடுங்கிக்கொண்டாள்.

"உங்க தீவுல மீனு பிடிச்சா செதிலை எண்ணிட்டுத்தான் அடுப்புல வைப்பீங்களா?"

"ரெண்டும் சேந்தாலும் போதாதுடி. மொத்தம் எதுவா வேணா இருக்கலாமே."

"அரை ஆளையா படகுல ஏத்துவ? மொத்தம் மூணால வகுபடணும். அந்த இடைவெளில அப்படி ஒண்ணுதான் இருக்கு. போதும்!"

"அட, நாப்பத்தெட்டு! அப்போ பெரியவங்க பதினா..."

"வாயை மூடு. அதை யாரு கேட்டா?"

தேர்வுக்கு முந்தைய வாரம் வாசித்தி மாதிரித் தேர்வு ஒன்று எழுதிப் பார்த்தாள். பழையபடி கடைசிக் கேள்விகள் தொடப்படாமலே கிடந்தன. மெரேயோனி தாளைப் புரட்டினாள்.

"பரவாயில்ல வாசித்தி. நல்லாத்தான் பண்ணியிருக்கீங்க."

வாசித்தி தாளை அவள் கையிலிருந்து பிடுங்கினாள்.

"என்னைத் திட்டு."

"எதுக்குங்க?"

"திட்டுடி! நீயே மரியாதை குடுத்தா நான் தேறமாட்டேன்னு அர்த்தம்."

மெரேயோனி கடலைப் பார்த்துச் சொன்னாள். "பயமா இருக்குடி. நீ தோத்துட்டா, நான் பேசினதெல்லாம் நெஞ்சுல நிக்கும்."

"ஜெயிச்சாலும் நிக்கும். அடுத்ததைக் கேளு."

மழை கொட்டும்வரை மெரேயோனி கேட்டாள், ஏசினாள், மறுபடி கேட்டாள்.

தேர்வில் ஒரு தண்ணீர்த் தொட்டி வந்தது. இரண்டாவது தகவலே போதும் என்று பார்த்தவுடன் தெரிந்தது. இன்னும் இரண்டே வரி எழுதினால் விடையும் வந்துவிடும். விரல்கள் துடித்தன. வாசித்தி பற்களைக் கடித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள். அந்தத் தொட்டியில் எத்தனை லிட்டர் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

கேள்விகள் முடிந்தபோது நேரம் மிச்சம் இருந்தது. திரையில் வந்த மதிப்பெண், கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவே.

பேருந்து நிறுத்தத்தில் மெரேயோனி காத்திருந்தாள். வாசித்தி எண்ணைச் சொன்னதும் அவளை இறுக்கக் கட்டிக்கொண்டாள். பிறகு முதுகில் ஓங்கி ஓர் அறை.

"போடி. நீ போயிட்டா அந்த ஆபீஸ்ல நான் யாரைடி திட்டுவேன்?"

சொல்லிவிட்டுப் பேருந்து வருகிறதா என்று பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.