ஒரிஜினல் டூப்ளிகேட்

1

இந்தக் கதை ஒரு டிவியைத் தூக்கியதால் வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்பக்கம் பெருத்த பழைய டிவி. இப்போது அதை யாரும் பார்ப்பதில்லை. தூக்குகிறவனுக்கு மட்டும்தான் அது இன்னும் இருக்கிறது. சிந்துபூந்துறையில் ஒரு மாடி வீட்டுக்கு, பாதியில் திரும்புகிற படிக்கட்டில், கண்ணாடிப் பக்கத்தை நெஞ்சோடு அணைத்து ஏற்றினேன். (அப்படித்தான் தூக்க வேண்டும். கனமெல்லாம் கண்ணாடியில் இருக்கிறது.) இறக்கி வைத்துவிட்டுக் கூலியோடு திரும்பியிருந்தால் கதை கிடையாது. "பிளக்கு லூசா இருக்கு, கொஞ்சம் புடிச்சிக்கிடுதீரா வே" என்று கேட்டார்கள். பிடித்துக்கொண்டேன்.

அதன்பிறகு அந்த அறையில் ஒன்று நடந்தது. அல்லது நடக்கவில்லை. எனக்கு அது தெரியாது என்பதுதான் கஷ்டம்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ஆற்றில் தண்ணீர் இறங்கிய பிறகு, ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வீட்டுக்குள் முழங்கால் அளவு சேற்றில்—"

விட்டுவிட்டேன். வெள்ளத்தில் தொடங்கினால் வாசிக்கிறவர்கள் சாவை எதிர்பார்ப்பார்கள். இதில் யாரும் சாகவில்லை.

அடுத்து:

"கணேஷ்ராம் வாத்தியார் நல்லவர்."

இதையும் அடித்தேன். நல்லவர் என்று எழுதிவிட்டால் அவருக்கு அடுத்த பக்கத்தில் நல்லது ஏதாவது செய்துதர வேண்டியிருக்கிறது.

ஆகவே நான் நிற்கிற இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

3

பேட்டை ரோட்டில் எபனேசர் அண்ணாச்சியின் ஆக்கர் கடை. பழைய இரும்பு, பிளாஸ்டிக், அட்டை, செத்த மிக்சி எல்லாம் எடைக்கு வாங்கி எடைக்குப் போடுகிற தொழில். நான் அங்கே சுமை தூக்குகிறவன். வெள்ளத்துக்குப் பிறகு கிழக்கே இருந்து வந்த மூட்டைகளில் பாதி சாமான், பாதி சேறு. அண்ணாச்சி சேற்றுக்கும் சேர்த்துத்தான் எடை போட்டுத் துட்டு கொடுத்தார். அந்த மாதம் மட்டும்.

அப்படி வரும் மூட்டைகளில் வீடியோ கேம் கேசட்டும் கிடக்கும். உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளில், கறுப்பில். டிவியோடு ஒரு பெட்டியை இணைத்து, பெட்டிக்குள் கேசட்டைச் சொருகி விளையாடுவது. வெகுகாலம் அதற்கும் உடைந்த வாளிக்கும் ஒரே விலைதான். பிறகு யாரோ அண்ணாச்சிக்குப் போனில் எதையோ காட்டிவிட்டார்கள்.

"ஏ தாணு, கேசட்டு வந்தா தனியா எடுத்து வையி. மேல ஏறி நின்னுராத. அது இப்பம் பிளாஸ்டிக்கு இல்ல, நகை."

வாங்குகிறவர்கள் காரில் வந்தார்கள். சேர்த்து வைக்கிறார்களாம். விளையாடுவதில்லை, கண்ணாடி அலமாரியில் அடுக்குகிறார்கள். மாதத்துக்கு மாதம் விலை ஏறியது. ஒருநாள் ஒருவர் கேட்டார், "இது ஒரிஜினலா அண்ணாச்சி?"

"ஒரிஜினல் டூப்ளிகேட்டு" என்றார் எபனேசர் அண்ணாச்சி, கூசாமல்.*

* சிரிக்க வேண்டாம். எங்கள் பக்கத்துக்கு அந்தக் காலத்தில் வந்த கேசட் எல்லாமே போலி. எவனோ செய்த விளையாட்டை வேறு எவனோ பார்த்துச் செய்து அனுப்பியது. அதற்கு மவுசு வந்ததும் அதைப் பார்த்து இப்போது புதுப் போலி செய்கிறார்கள். அதனால் பழைய போலி ஒரிஜினல் டூப்ளிகேட். புதுசு, டூப்ளிகேட் டூப்ளிகேட். இந்தக் கதையை நான் மூன்று தடவை திருத்தி எழுதிவிட்டேன். இது எதில் சேரும் என்று அண்ணாச்சியிடம் கேட்கவில்லை.

4

கணேஷ்ராம் வாத்தியார் காரில் வரவில்லை. பஸ்ஸில் வந்தார். திசையன்விளை வரைக்கும் ஒரு ஆக்கர் கடை விடாமல் ஏறி இறங்கிவிட்டதாகச் சொன்னார்.

"ஹெலிகாப்டர் கேசட்டு. மஞ்சக் கலர். பொறத்தால காம்பஸ் முனையால 'ச'ன்னு கீறியிருக்கும்."

"அதே கேசட்டு கீறாம இருக்கே, தரட்டா?"

"கீறுனதுதான் வேணும் அண்ணாச்சி."

"கீறல் விழுந்ததுக்குக் கொறைச்சுல்லா கேப்பாவ" என்று அண்ணாச்சி அவரை ஒருமாதிரியாகப் பார்த்தார்.

'ச' என்றால் சங்கரசுப்பிரமணியன். வாத்தியாருடைய அண்ணன். ஸ்ரீவைகுண்டத்து வீட்டில் சின்ன வயதில் இரண்டு பேரும் அந்த கேசட்டில் விளையாடியிருக்கிறார்கள். இரண்டு பேரும் என்று எழுதியது தப்பு. அண்ணன் விளையாடுவார். ஹெலிகாப்டர் ஒரு அருவியைத் தாண்டும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அந்த கேசட்டில் அது பிறவிக் கோளாறு. அண்ணன் அதை உருவி, திரும்பிப் பார்க்காமல், பின்னால் நீட்டுவார். "ஊதுலே" என்பார். தம்பி வாய் வைத்து ஊதிக் கொடுப்பார். மறுபடி சொருகினால் அருவிக்கு அந்தப் பக்கம்.

"எனக்கு ஒருநாளும் வெளையாடக் கெடைக்கல. ஊதுறதுதான் என் வேல" என்றார் வாத்தியார். குறையாகச் சொல்லவில்லை.

வெள்ளத்தில் அந்த வீட்டுச் சாமானெல்லாம் சேறாகி, கேசட்டும் சாக்கோடு எடைக்குப் போய்விட்டது. அதே வருஷம் அண்ணனுக்குப் பக்கவாதம். கை கால் பைய பையத் திரும்பிவிட்டது. பேச்சு மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா சொன்னாராம்: புதுச் சொல் வராது, ஆனால் பழகின சொல் பழகின இடத்தில் தானாக வந்து விழலாம், சொல்வதற்கில்லை.

வாத்தியார் "விழலாம்" என்பதை எடுத்துக்கொண்டார். "சொல்வதற்கில்லை" என்பதை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

5

(இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள். எபனேசர் அண்ணாச்சியே கேட்டார்.)

"இதெல்லாம் இப்பம் போன்லயே ஓசியா கெடைக்குதாம்லா வே? எம்மவன் வெளையாடுதான்."

"கெடைக்கும் அண்ணாச்சி. எமுலேட்டர்னு பேரு."

"எமன் லேட்டரா? பேரே சரியில்லையே."

வாத்தியார் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன் நகக்கண் அளவு மெமரி கார்டில் அந்தக் காலத்து விளையாட்டு அத்தனையும் ஏற்றி அனுப்பியிருக்கிறான். அதில் ஹெலிகாப்டரும் இருந்தது. லேப்டாப்பில் போட்டு அண்ணன் கையில் கொடுத்தார்கள். விரல் ஒன்றையும் மறக்கவில்லை. சுட்டார், வளைந்தார், ஏறினார். அருவி வந்தது. படம் உடையவில்லை.

அண்ணன் பட்டனை விட்டுவிட்டுக் காத்திருந்தார். ஹெலிகாப்டர் போய் பாறையில் மோதியது. மறுபடியும் அருவிவரை வந்தார். மறுபடியும் அங்கே கையை எடுத்தார். மூன்று உயிரும் போன பிறகு லேப்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

"எல்லாம் அப்படியே இருக்கு அண்ணாச்சி, கலரு, பாட்டு. கோளாறு மட்டும் இல்ல. நல்லதைத்தான் காப்பி எடுத்து வச்சிருக்கானுவ."

அண்ணாச்சி "வந்தா சொல்லியனுப்புதேன்" என்றார். விலை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

6

வாத்தியார்மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. மனிதர்மேல் இல்லை, கதையில் வருகிறவர்மேல். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர். ஒரு ஓட்டை கேசட்டுக்காக விடுமுறை எல்லாம் பஸ்ஸில் அலைகிறார் என்றால் யார் நம்புவார்கள்? கொஞ்சம் கிறுக்கராக எழுதிப் பார்த்தேன். கதை ஓடியது, அவர் காணாமல் போய்விட்டார். அண்ணன்மேல் உயிராக இருப்பவர் என்று எழுதினேன். அது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

எனக்குத் தோன்றுவது இது. அந்த வீட்டில் அவருக்கு அண்ணன் கொடுத்த வேலை அது ஒன்றுதான். அந்தச் சொல் போய்விட்டதால் அவருக்கு வேலை போய்விட்டது. வேலை போனவன் அலைவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

7

கேசட் கிடைத்தது. வெளியே எங்கும் இல்லை, எங்கள் சரக்குக் கிட்டங்கியிலேயே, வெள்ளத்துச் சாக்கு ஒன்றின் அடியில், சேறு கல்லாகிப்போய். நகத்தால் சுரண்டினேன். 'ச' வந்தது. அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் படம் எடுத்துப் போனில் போட்டார். வியாபாரி வேறு என்ன செய்வார்? கொச்சியிலிருந்து ஒருவர் விலை கேட்டார். வாத்தியார் அதற்குமேல் கேட்டார். அவர் அதற்குமேல். கடைசியில் நின்ற விலை என் வீட்டின் இரண்டு மாத வாடகை. வாத்தியார் பேருக்கே முடிந்தது.

"அம்புட்டுத் துட்டு வாங்கிட்டுச் சேத்தோட குடுத்தா நல்லாவா இருக்கும்" என்று அண்ணாச்சி கேசட்டை மேலப்பாளையத்தில் ரைஹானத்திடம் கொடுத்தனுப்பினார். போன் ரிப்பேர் பார்க்கிற பெண். வேலை சுத்தமாக இருக்கும்.

வாத்தியார் வாங்க வந்த அன்று அவளே நேரில் கொண்டுவந்தாள். பளபளவென்று இருந்தது.

"உள்ள சிப்புல ஒரு காலு ஈயம் வச்சுப் பத்தவைக்காமலே கெடந்துச்சு வாத்தியாரே. செஞ்சவன் அப்பமே விட்டுட்டான் போல. பத்தவச்சிட்டேன். இனி ஊதவே வேண்டாம்."

வாத்தியார் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 'ச' அப்படியே இருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார்.

"பழையபடி ஆக்க முடியுமா?"

"எதுக்கு?" அவளுக்கு விளங்கவில்லை. சொன்னார். அவள் கேசட்டைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "கெடுக்கதுக்குத் தெரியும் வாத்தியாரே. அதே எடத்துல, அதே மாதிரி கெடுக்கதுக்குத் தெரியாது."

கூலி வாங்காமல் போனாள். அண்ணாச்சி பணத்தில் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார். வாத்தியார் அதை எண்ணாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "பழைய டிவி ஒண்ணு கெடந்துதே, அதையும் தாங்க" என்றார். கேசட் சொருகுகிற பெட்டியை ஏற்கெனவே தேடி வைத்திருந்தார், புது டிவியில் அது ஓடாது.

எதற்கு இனி என்று யாரும் கேட்கவில்லை. நான் தூக்கினேன்.

8

இனி அறை.

பிளக்கு டிவிக்குப் பின்னால். நான் அங்கே குனிந்து பிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முன்பக்கம் எனக்குத் தெரியாது. டிவியின் முதுகு சூடேறித் தூசி கருகும் வாடை. எதிர்ச் சுவரில் வெளிச்சம் மட்டும் விழுந்தது. அண்ணன் நாற்காலியில், வாத்தியார் அவருக்குப் பின்னால் தரையில். சின்ன வயதில் உட்கார்ந்த மாதிரி. அண்ணன் மனைவி விஜயஸ்ரீ அடுக்களையில் இருந்தார்.

ஹெலிகாப்டர் தடதடத்தது. சுவர் நீலமானது. அருவி. படம் உடையவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நீலம் ஒரே சீராக இருந்தது. மோதுகிற சத்தம். மறுபடி தடதட. நீலம். மோதுகிற சத்தம். வாத்தியார் மூச்சு விடுவது கேட்டது. மூன்றாவது தடவையும் நீலம்.

மூன்றாவது உயிரும் போனது. விளையாட்டு தோற்றுப்போனால் வருகிற அழுகைப் பாட்டு வந்தது. அதற்கு அடியில் ஒரு சத்தம்.

"ஊ."

அடுக்களையிலிருந்து விஜயஸ்ரீ, "கூப்பிட்டியளா?" என்றார்.

பாட்டு முடிந்தது.

படியிறங்கும்போது வாத்தியார் கூடவே வந்தார். அவர் படம் உடைகிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீரு பக்கத்துலதான நின்னீரு. ஊன்னு கேட்டுச்சா, ஊதுலேன்னு கேட்டுச்சா?"

"பாட்டுச் சத்தத்துல சரியா—"

"நீரு கதையெல்லாம் எழுதுவீராமே வே."

"ஏதோ."

"இத எழுதுனா, முழுசா எழுதிரும்."

9

முழுசாக எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: அருவி வந்ததும் படம் உடைகிறது. ரைஹானத் பத்தவைத்தது விட்டுப்போகிறது. அண்ணன் கேசட்டை உருவிப் பின்னால் நீட்டி, அந்தச் சொல்லைச் சொல்கிறார். தம்பி ஊதுகிறார். எழுதும்போது என் கண்ணே கலங்கியது. மறுநாள் வாசித்தேன். கலர், பாட்டு எல்லாம் அப்படியே இருந்தது. கோளாறு மட்டும் இல்லை.

இரண்டாவது: நான் பிளக்கை ஆட்டுகிறேன். படம் நடுங்குகிறது. இது நடந்திருக்கக் கூடியது. பிளக்கு என் கையில்தான் இருந்தது. ஆனால் அப்போது அது எனக்குத் தோன்றவே இல்லை. எழுதும்போதுதான் தோன்றியது. எழுத்தே எனக்குக் காலங்கடந்துதான் வந்தது. அதில் வருகிற யோசனை மட்டும் எப்படி நேரத்துக்கு வரும்.

மூன்றாவது: அது வெறும் பெருமூச்சு. இதற்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுதக் கை வரவில்லை. வாத்தியார் இதை வாசிப்பார்.

ஊ என்ற எழுத்தை நான் படித்தது மகளின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில். உதட்டைக் குவித்துச் சொல்லுப்பா என்றாள். சொல்லிப் பாருங்கள். கேசட்டை ஊதும்போதும் வாய் அப்படித்தான் இருக்கும். பெருமூச்சு விட்டாலும் அப்படித்தான். அந்தச் சொல்லைத் தொடங்கினாலும் அப்படித்தான். முன்பக்கம் நின்று பார்த்தவனுக்குக்கூட விளங்கியிருக்குமோ என்னவோ.

ஆகவே கடைசி வாக்கியம் இவ்வளவுதான்:

"பாட்டு ஓய்வதற்குள், நாற்காலிப் பக்கமிருந்து, 'ஊ

அந்த எழுத்துக்கு என் காது சாட்சி. மேற்கொண்டு இரண்டு எழுத்து இருந்ததா, இல்லையா? நீங்கள் முன்பக்கம் போய்ப் பாருங்கள். பிளக்கை நான் பிடித்துக்கொள்கிறேன்.