நாற்பத்தொரு விநாடி

அபிராமி எதையும் மூன்று முறை அளப்பாள். பூட்டிய கதவையே மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள் வேலையில் மட்டும் விட்டுவிடுவாளா?

தலைநகரத்து முனிர்க்காவில் சிவஞானம் அண்ணாச்சி நடத்தும் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கம்பெனியில் அவளுக்குத் தற்காலிக வேலை. அங்கே பெட்டி கட்டும் பீகார்க்காரர்கள்கூட முதலாளியை ‘அண்ணாச்சிஜி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதுதான் அவர் பெயர் என்று நினைப்பு. இடமாற்ற உத்தரவு கையில் வந்ததும் சாமான் ஏற்ற ஆள் தேடுகிற அரசாங்க ஊழியர்களுக்குக் கம்பெனியின் இணையதளம் கூகிளில் முதல் பக்கத்தில் தெரிய வேண்டும்; தெரியவைப்பதுதான் அவள் வேலை. தெரிந்ததோ மூன்றாம் பக்கத்தில்.

“பக்கம் திறக்க நேரமானால் வந்தவன் திரும்பிப் போய்விடுவான். அடுத்த வருடம் கூகிள் வேகத்தையே கணக்கில் எடுக்கப்போகிறதாம்” என்று சவுத் எக்ஸ்டென்ஷனில் அவள் போகும் இணையதள மாலை வகுப்பில் சொன்னார்கள். மூன்று அளவில் நடுவிலுள்ள எண்ணை எடுத்துக்கொள்ளும் வழக்கமும் அந்த வகுப்பில் வந்ததுதான். தினமும் காலையில் ஸ்டாப் வாட்ச்சும் கையுமாக அலுவலகக் கம்ப்யூட்டர் முன் உட்காருவாள். படங்களைச் சிறிதாக்கினாள், தேவையில்லாததை நீக்கினாள். டைரியில் செப்டம்பரில் ஒன்பது விநாடி, அக்டோபரில் ஏழு, நவம்பர் கடைசியில் ஐந்து.

மூன்றாம் பக்கம் மட்டும் நகரவில்லை. ‘என்னிடம்தான் ஏதோ கோளாறு’ என்று டைரியில் எழுதினாள். தன் புத்தியைச் சந்தேகப்பட்டாள், வகுப்பைச் சந்தேகப்பட்டாள். ஐந்து என்ற எண்ணை மட்டும் சந்தேகப்படவில்லை.

அப்பாவுக்கு டிசம்பரோடு ஓய்வு. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு அம்பாசமுத்திரம் போவதாக முடிவாகிவிட்டது.

“பெர்மனென்ட்னு ஒரு காயிதம் காட்டு, ஒன்ன ஹாஸ்டல்ல விட்டுட்டுப் போறோம். இல்லைன்னா நீயும் லாரியோட வந்துரு” என்றார் அப்பா. ஜனவரி ஒன்பதாம் தேதிக்கு அந்த லாரியைப் பதிவு செய்ததும் அபிராமிதான், அண்ணாச்சி கம்பெனியின் இணையதளத்திலேயே. இரண்டு மாதத்தில் அதன் வழியாக வந்த ஒரே பதிவு அது.

டிசம்பர் முதல் சனிக்கிழமை, ஹாஸ்டல் விண்ணப்பத்தை அச்சடிக்க சரோஜினி நகரில் ஒரு சைபர் கஃபேயில் நுழைந்தாள். கை சும்மா இருக்குமா? கம்பெனியின் பக்கத்தைத் திறந்து ஸ்டாப் வாட்ச்சை அழுத்தினாள். வெள்ளைத் திரை. பக்கத்தின் உச்சியில் இந்தியா கேட்டிலிருந்து கோபுரத்துக்கு ஹாரன் அடித்துக்கொண்டு ஓட வேண்டிய அனிமேஷன் லாரியைக் காணோம். அது வந்து சேர்ந்தபோது நாற்பத்தொரு விநாடி. மறுபடி திறந்தாள்: ஆறு. மறுபடி: ஐந்து.

முதல் முறை இறக்கியதைக் கம்ப்யூட்டர் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதையே எடுத்துக் காட்டுகிறது. அலுவலகக் கம்ப்யூட்டரில் அந்த லாரி மாதக்கணக்காகக் கிடக்கிறது. இத்தனை நாளும் அவள் அளந்தது, வந்தவனே திரும்பி வருவதை. புதிதாக வருகிறவன் ஒருவனைக்கூட அளக்கவில்லை.

நாற்பத்தொன்று, ஆறு, ஐந்து. வழக்கப்படி நடு எண்ணை எழுதினால் ஆறு. யாராலும் குறை சொல்ல முடியாது. பேனாவைத் திறந்தாள், மூடினாள்.

திங்கட்கிழமை அண்ணாச்சி மேஜையில் ஒரு உறை இருந்தது.

“வாம்மா. ஒங்கப்பா கேட்டாருல்லா? டைப் அடிச்சு வச்சிட்டேன். கையெழுத்துதான் பாக்கி.”

வாங்கிக்கொண்டால் ஹாஸ்டல். எப்போதாவது யாராவது வேறு கம்ப்யூட்டரில் திறந்துபார்க்கும் வரை. அபிராமி உறையைத் தொடவில்லை.

“அண்ணாச்சி, அந்த அஞ்சு விநாடி தப்பு.”

“என்னது?”

“நாப்பத்தொண்ணு. நான் அளந்தது தப்பு.”

“அஞ்சுன்னு நீதானம்மா எழுதிக் குடுத்த? நான் போற எடமெல்லாம் பெருமையாச் சொல்லிட்டுத் திரியுதேன்!”

“நம்ம ஆபீசுக்குக் கீழ இருக்க கஃபேல வந்து பாருங்க அண்ணாச்சி.”

உறையைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வந்த அவர் கஃபேயில் நாற்காலி நிறைய உட்கார்ந்தார். கூகிளில் தன் கம்பெனியைத் தேடிச் சொடுக்கினார். அவள் பின்னால் நின்று ஸ்டாப் வாட்ச்சை அழுத்தினாள்.

“என்ன, வெள்ளையா இருக்கு?”

அவள் ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்தாள். அண்ணாச்சி கஃபேக்காரரிடம் திரும்பினார்.

“பையா, நெட் இருக்கா இல்லையா?”

“ஹை, அண்ணாச்சிஜி” என்று தலையாட்டினார் கஃபேக்காரர்.

அண்ணாச்சி உச்சுக்கொட்டிப் பின்னால் போகிற பொத்தானை அழுத்தினார். அடுத்திருந்த வேறொரு கம்பெனியைச் சொடுக்கினார். அது உடனே திறந்தது. “பரவால்லயே, இவன் சென்னைக்கு என்ன ரேட்டு போட்டுருக்கான்...” என்று வாசிக்கத் தொடங்கியவர் சட்டென்று நிறுத்தினார். காதுமடல் சிவந்திருந்தது.

“எவ்வளவு ஆச்சு?”

“பதினாலுல நீங்க போயிட்டீங்க.”

பக்கம் கனப்பது அந்த ஓடும் லாரியால்தான் என்று அவள் சொன்னாள். “என் மொத லாரிம்மா அது. ஹாரன் சத்தம்கூட அதுலேர்ந்துதான் புடிச்சது.”

“அதத்தான் எடுக்கணும் அண்ணாச்சி.”

“எடுத்தா மொதப் பக்கத்துக்கு வந்துருமா?”

“தெரியாது. கூகிள் மறுபடி வந்து பாக்கணும். நாளாகலாம்.”

உறையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். திரும்ப அங்கேயே வைத்தார். “மறைக்காம சொன்ன, சரி. ஆனா தப்பா அளந்தவளுக்கு இன்னிக்கு எப்படிம்மா கையெழுத்துப் போடுவேன்? மொதப் பக்கம் வரட்டும்.”

அன்று பிற்பகல் லாரியை நீக்கினாள். மறுநாள் கஃபேயில் அதுவரை தொடாத கம்ப்யூட்டரில் ஒரே ஒரு முறை அளந்தாள். பன்னிரண்டு. டைரியில் அதை மட்டும் எழுதினாள். பக்கத்திலிருந்த இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டாள். கூகிளில் அதே மூன்றாம் பக்கம். புதன்கிழமை மூன்றாம் பக்கம். வியாழனும்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போனபோது கூடத்தில் புது அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் பச்சை மையில் கம்பெனியின் இணைய முகவரி. அப்பா ஒன்றைக் காலால் அவள் பக்கம் தள்ளினார்.

“இது ஒனக்கு. புஸ்தகத்த அடுக்க ஆரம்பி. ஜல்தி ஜல்திங்கிற வேலையெல்லாம் கடைசியில வேண்டாம்.”

“இன்னும் ஒரு மாசம் இருக்குல்லப்பா.”

“அதான், இருக்கே. அடுக்கு.”

அபிராமி டைரியைத் தவிர மற்றதையெல்லாம் அடுக்கினாள்.