கால் மணி முந்திய கார்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பிய பல்செட்காரியின் கார், அதே செவ்வாய்க்கிழமை எட்டே முக்காலுக்குப் பல் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. அன்று வெயில் சுமார். தக்காளி விலை இறங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் பெண், தினமும் அந்த நேரத்துக்குப் பல்செட்காரி வீட்டுக்கு ஃபோன் போட்டுக் கிளம்பியாயிற்றா என்று கேட்பது வழக்கம். அன்றும் போட்டாள். “இதோ, தலை வாரிட்டே இருக்கேன், கிளம்பிட்டேன்” என்றாள் பல்செட்காரி. சீட்டுப் பெண் ஃபோனை வைத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே அதே பல்செட்காரி, படிய வாரின தலையோடு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டார்கள். பிறகு வேலை இருந்ததால் வேலையைப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியின் பின்னறையில் உட்கார்ந்து, பல் போனவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில். கை அவ்வளவு சுத்தம். நேரத்துக்கும் அவளுக்கும்தான் ஏழாம் பொருத்தம். கல்யாணத்துக்குப் போனால் பந்தி முடிந்திருக்கும், வழியனுப்பப் போனால் ரயிலின் வால்தான் கிடைக்கும். வீட்டில் எல்லோரும் அதைச் சிரிப்பாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அம்மாவுக்கு மூச்சு வாங்கிய நாள் வரை. அன்று பெரிய ஆஸ்பத்திரி மேட்டில் கார் முக்கி முனகி நின்றுபோனது. அவள் பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தாள். பார்த்ததில் ஒன்றும் புரியவில்லை. கடைசியில் அவள் போய்ச் சேர்ந்தபோது அம்மா போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. “நீ என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்க?” என்றாள் தங்கை. அதற்கப்புறம் மூன்று வருடம் அக்காவும் தங்கையும் பேசாமலில்லை. சாப்பிட்டியா, தூங்கினியா என்று ஒப்புக்குப் பேசிக்கொண்டார்கள், அது பேசாமலிருப்பதைவிட மோசமாக இருந்தது.

தங்கை புருஷனிடமும் அதே மாடல், அதே சாம்பல் நிறக் கார் இருந்தது. அவன் அதை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, என்ஜினுக்குக் காற்றைத் திணித்து வேகம் கூட்டும் டர்போ போட்டான். நாலே நாளில், துடைத்துவைத்த குத்துவிளக்கு மாதிரி, ரசீதும் ஒரு வருட உத்தரவாதமுமாக வண்டி வந்து நின்றது. மேடென்றும் பள்ளமென்றும் பார்க்காமல் பறந்தது. பல்செட்காரியும் தன் காருக்கு டர்போ போட நினைத்தாள், ஆனால் தன் கையாலேயே. “அண்ணி, பல்லுக்கு நீங்க, வண்டிக்கு அவங்க. தெரிஞ்சவங்க கையில குடுத்துட்டு நிம்மதியா இருங்க” என்றான். ஒர்க்‌ஷாப் முதலாளி நியாயஸ்தர். வாயில் அவள் செய்துகொடுத்த நாலு பல் வேறு இருந்தது. அவரும் மறைக்காமல் சொன்னார்: “நாங்க போட்டா நாலு நாள். நீங்களே போட்டா நாலு மாசம், அதுல பாதி நாள் அழுகை.” அவள் அழுகைக்கு ஒத்துக்கொண்டாள். திரும்ப ஒருமுறை பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு நடுரோட்டில் பேந்தப் பேந்த முழிப்பதைத்தான் அவளால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

அவள் வீட்டுக்காரர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். “நமக்கேன்மா இந்த வேண்டாத வேலை?” என்று முதல் ஞாயிறு கேட்டார், இரண்டாம் ஞாயிறு டார்ச் பிடித்தார், மூன்றாம் ஞாயிறிலிருந்து செய்முறைப் புத்தகத்தை உரக்கப் படித்து, அதிலிருந்த எழுத்துப் பிழைகளையும் திருத்திக்கொண்டே வந்தார். ஒரு வாரம் என்ஜின் ஆயில் முழுக்கத் தரையில் போனது. ஒரு வாரம் குழாயைத் தலைகீழாக மாட்டி, வண்டி தும்மியது. போல்ட் ஒன்று கையைவிட்டு நழுவி என்ஜினுக்குள் விழுந்து, மூன்று ஞாயிறு அஞ்ஞாதவாசம் இருந்தது. அவள் நிஜமாகவே அழுதாள், காரின் அடியில் மல்லாந்து படுத்தபடி. கண்ணீர் காதுக்குள் போனது. ஆனால் காற்று போகும் பாதையின் உட்புறத்தைப் பளபளப்பாக்கும் கட்டம் வந்தபோது அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பல்லைத் தேய்க்கும் அதே குட்டி மெஷினால், ஈறில் உறுத்தாத பல்செட் மாதிரி, விரல் வைத்தால் வழுக்கும்படி தேய்த்தாள். புத்தகம் போதும் என்று சொன்ன இடத்தைத் தாண்டியும் தேய்த்தாள். திங்கட்கிழமை எல்லாவற்றையும் மாட்டி முடித்தாள். அதற்கு மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

ஒர்க்‌ஷாப் முதலாளி வண்டியைக் கடைக்கு வரவழைத்து அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தார். பிறகு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தாமே ஒரு சுற்று ஓட்டிவந்தார். கடைக்குத் திரும்பியபோது, சுற்றுக்குக் கிளம்பத் தயாராக நின்ற தம்மையே வாசலில் பார்த்து, “ஸ்பேனரைத் தரையில போட்டுட்டுப் போறியே, யாராவது மிதிச்சா?” என்று திட்டினார். திட்டு வாங்கியவர் எடுத்துவைத்துவிட்டுக் கிளம்பினார். வேலையில் ஒரு குறையும் இல்லை என்பதுதான் அவர் தீர்ப்பு. “நாங்க போட்டா வேகமாப் போகும். முன்கூட்டியே போகணும்னா அது வீட்ல போட்டாத்தான் வரும் போல” என்றார். தெருவில் அந்தக் காருக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் விழுந்தது. எங்கே போனாலும் கிளம்பிய நேரத்துக்குக் கால் மணி முந்தித்தான் போய்ச் சேரும். கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. தங்கை புருஷன் மட்டும் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்தத் தங்கைக்குப் பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. புருஷன் வேலையாக இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்தான். மாலை நாலு பத்துக்குப் பல்செட்காரியின் வீட்டு ஃபோன் அடித்தது. “அக்கா, வலி வந்துடுச்சு. சீக்கிரம் வா.” “இதோ கிளம்பிட்டேன்!” என்று கத்திவிட்டு, ஒற்றைக்கால் செருப்போடு காரில் ஏறினாள். கிளம்பும்போது நாலு பன்னிரண்டு. போய்ச் சேரும்போது மூன்று ஐம்பத்தேழு. தங்கை சோபாவில் சாய்ந்து, வயிற்றின் மேல் தட்டை வைத்து மாம்பழம் தின்றுகொண்டிருந்தாள்.

“என்ன திடீர்னு?”

“இன்னும் பதிமூணு நிமிஷத்துல உனக்கு வலி வரும். பையை எங்க வெச்சிருக்க?”

தங்கை அவளை ஏற இறங்கப் பார்த்தாள், அந்த ஒற்றைச் செருப்பையும் பார்த்தாள். பிறகு தட்டை நீட்டினாள். பையைக் கட்டி முடித்து, மீதி மாம்பழத்தை இரண்டு பேரும் தின்றார்கள். சரியாக நாலு பத்துக்குத் தங்கை அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். மற்ற கையால் ஃபோனை எடுத்தாள்.

“நான்தான் இங்க இருக்கேனேடி, யாரைக் கூப்பிடுற?”

“உன்னைத்தான். நான் கூப்பிடலேன்னா நீ எப்படி வருவ?”

ஃபோனிலிருந்து “இதோ கிளம்பிட்டேன்!” என்ற குரல் கேட்டது. தன் குரல் இவ்வளவு பதறும் என்று பல்செட்காரிக்கு அதுவரை தெரியாது. வருடக்கணக்காக அந்த வார்த்தையைக் கேட்டு நம்பாத தங்கை, சொன்னவள் தன் பக்கத்திலேயே மாம்பழக் கையோடு நிற்பதைப் பார்த்து, வலியிலேயே சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க வலி கூடியது, வலிக்க வலிக்கச் சிரிப்பு வந்தது. “பத்து நிமிஷம் அக்கா, அன்னைக்கு வெறும் பத்து நிமிஷம்” என்று அழுதாள். “தெரியும்டி, தெரியும்” என்று இவளும் அழுதாள். தாங்கிப் பிடித்து, படியிறங்கி, காரில் ஏற்றியபோது நாலு இருபது.

பெரிய ஆஸ்பத்திரி மேட்டை முந்திரிக்கொட்டை ஒரே மூச்சில் ஏறியது. வாசல் கடிகாரம் நாலு ஐந்து காட்டியது. டாக்டர் ஒரு கைக்குத்தான் உறை மாட்டியிருந்தார். நாலு ஒன்பதுக்குப் பெண் குழந்தை பிறந்து, ஊரைக் கூட்டியது. ஆறேகாலுக்குத் தங்கை புருஷன் வந்தான். அவன் கார் வழியில் ஒரு இடத்திலும் மக்கர் பண்ணவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பத்தாம் நாள், பிறப்பைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் குமாஸ்தா ஆஸ்பத்திரித் தாளை மூக்குக்கு அருகில் வைத்துப் படித்தார். “வலி ஆரம்பிச்சது நாலு பத்து. குழந்தை பிறந்தது நாலு ஒன்பது. எங்கேயோ இடிக்குதேம்மா?”

“எங்க அக்கா கார்ல போனேன் சார்” என்றாள் தங்கை.

“காருக்கு ஒர்க்‌ஷாப்ல வேலை பார்த்ததா?”

“இல்ல சார். அவளே பார்த்தது.”

“அப்ப சரி” என்ற குமாஸ்தா, நாலு ஒன்பது என்று எழுதி, மை காய ஊதிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.