ஜம்புலிங்கத்தின் பிடி

பக்கவாதம் வந்து போனபின் ஜம்புலிங்கத்தின் கால் ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டது. வலது கைதான் முரண்டு பிடித்தது. முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். விரல்கள் இறுக மூடிக்கொள்ளும். வெடுக்கென்று இழுத்தால் இன்னும் இறுகும். கோபம் வந்தால் கேட்கவே வேண்டாம். அவருக்கோ கோபம் வராத நாளே கிடையாது.

“சீட்டாடசொல்லகூட கைச்சீட்ட இம்மாங் கெட்டியா மறைச்சதில்லீங்க. உள்ள இன்னாதான் வெச்சிகினு கீறீங்க?” என்பாள் மனைவி ஜெயம்மாள், வெந்நீரில் பிழிந்த துணியை அந்தக் கையில் சுற்றியபடி.

சென்னை ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தது அவளுக்குத்தான் மனதில் நின்றது. மணிக்கட்டை உள்பக்கமாக மடக்கி, கட்டைவிரலில் தொடங்கி மெள்ளப் பிரித்து, அப்படியே பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். ஜம்புலிங்கத்துக்கு அந்தப் பொறுமை ஏது? தறிக்காரர் அல்லவா, பாவு நூலுக்குக் கல் கட்டுகிற மாதிரி ஒரு நாள் மணிக்கட்டில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டார். கை இறுகிப்போய், அன்று சட்டை மாட்டவே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. தை மாதம் மலைக்கோயிலில் மகள் பத்மாவுக்குக் கல்யாணம். தாரை வார்க்கும்போது அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டும். “ஒங்க தம்பி பரந்தாமன் குடுக்கட்டுமே” என்று யாரோ சொல்லப்போக, அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

முகூர்த்தத்தில் மகளின் கையைச் சரியாகத்தான் பிடித்தார். மாப்பிள்ளை கங்காதரன் கையை நீட்டினான். எல்லோரும் பார்க்கிற பதற்றத்தில் அவர் விரல்கள் பத்மாவின் கையைச் சுற்றி இறுகிக்கொண்டன. ஐயர் அவசரப்படுத்தினார். கங்காதரன் லேசாக இழுத்துப் பார்த்தான்.

“நைனா கைய இழுக்காதீங்க” என்றாள் பத்மா.

ஜம்புலிங்கத்துக்கு அவமானத்தில் காது சுட்டது. ஜெயம்மாள் நீர்ச்செம்பைக் கீழே வைத்தாள்.

“இன்னாங்க, பொண்ண குடுக்க மனசில்லியா? இப்பவே சொல்லிடுங்க, பந்தியில எல போட்டுடப் போறாங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் தளர்ந்தது. ஜெயம்மாள் அவர் மணிக்கட்டை மடக்கி, கட்டைவிரலில் தொடங்கினாள். விரல்கள் பிரிந்தன. மறுபடி ஒருமுறை மூடின. பிறகு விட்டன. மகளின் கை மாப்பிள்ளை கைக்குப் போயிற்று.

பெண்ணை அனுப்பிவிட்டு மலைப்படியில் உட்கார்ந்தபோது ஜெயம்மாள் விடவில்லை.

“நெஜமா சொல்லுங்க. புடிச்சிகினது கையா, நீங்களா?”

“மொதல்ல கைதான்” என்றார் ஜம்புலிங்கம், அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே. “ரெண்டாவது வாட்டி புடிச்சது நான்.”